பருவமழைக் காலத்தில் நண்பர்களுடன் கேமரன் மலைக்கு: சிங்கப்பூரிலிருந்து காரில் செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து காரில் கேமரன் மலைக்குச் சென்று வரும் நண்பர் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் தொடங்குகிறது. மலையிலோ அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே மழை வலுத்துவிடும். ஆனால் அந்த மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு: பெரும்பாலான நாள்களில் அது பிற்பகலில்தான் கொட்டும். காலை எட்டு மணிக்குத் தேயிலைச் சரிவுகள் வரிவரியாகத் தெரியும்; பிற்பகல் மூன்று மணிக்கோ, நமக்கு முன்னே போகும் காரின் பின்விளக்குகூட மங்கிவிடும்.

ஆகவே எல்லா ஏற்பாடுகளையும் ஒரே கணக்கிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கிளம்பி, சனிக்கிழமை முற்பகல் 11 மணிக்குள் கார் மலையின் முக்கிய ஊரான தானா ராத்தாவில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கே மலையிறங்கத் தொடங்க வேண்டும். முதன்முறை செல்வோர் செய்து நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போடாததால் வந்தவை.

1. பயணத்தைக் கைவிடுவதற்கான விதியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

அறை பதிவு செய்வதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. விடுப்பு எடுத்து, பணம் கட்டி, பை அடுக்கிய பிறகு "போக வேண்டாம்" என்று சொல்ல எந்த நண்பருக்கும் வாய் வராது. பணம் கட்டாத நிலையில், எல்லாரும் நிதானமாக இருக்கும்போது, விதியை எழுதிவிட்டால் பிறகு யாரும் யாரையும் கோழை என்று நினைக்க வேண்டியதில்லை.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழை எச்சரிக்கையை மூன்று நிலைகளில் வெளியிடுகிறது: மஞ்சள் (வாஸ்பாடா), செம்மஞ்சள் (புரோக்), சிவப்பு (பஹாயா). எங்கள் குழுவின் விதி எளியது. வியாழக்கிழமை இரவு கேமரன் மலைக்கோ, மலைப்பாதை தொடங்கும் பேராக் மாநிலத்தின் தென்பகுதிக்கோ செம்மஞ்சள் எச்சரிக்கை இருந்தால் மலை ஏறுவதில்லை. மஞ்சள் என்றால் சமவெளி வரை சென்று, சனிக்கிழமை காலை மறுபடி பார்த்து முடிவெடுப்போம். அந்த முடிவை எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். அவர் காரோட்டாதவராக இருப்பது நல்லது.

மாற்றுத் திட்டமும் அதே தாளில் இருக்கட்டும். ஈப்போ நல்ல மாற்று. கல்லுமலை முருகன் கோயில், குகைக் கோயில்கள், லிட்டில் இந்தியா சாப்பாடு என்று மழையிலும் இரண்டு நாள் ஓடிவிடும். போகும் வழியும் மலையடிவார ஊரான தாப்பா வரை அதேதான்.

2. ஆவணங்கள்: குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே

எல்லாருடைய கடப்பிதழின் காலாவதித் தேதியையும் ஒருவரே கண்ணால் பார்க்க வேண்டும். "என்னுடையது சரியாக இருக்கிறது" என்ற வாய்ச்சொல் போதாது. பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஒருமுறை எங்களுடன் வந்த நண்பருக்கு நான்கு மாதமே மிச்சம் இருந்தது. சோதனைச்சாவடியில்தான் அது தெரியவந்தது. அவர் திரும்பிப் போனார், அவரை நம்பி வந்த இரண்டாவது காருக்கு மாற்று ஓட்டுநர் இல்லாமல் போயிற்று.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. குழுவில் உள்ள, மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்போரும் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதை இணையத்தில் நிரப்ப வேண்டும். நம் குழுக்களில் குடிமக்கள், இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போர் எனக் கலந்துதான் இருப்போம். குடிமகன் ஒருவர் "எனக்கு எதுவும் கேட்கவில்லையே" என்று சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் விசா விதிகளையும் அறை பதிவுக்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

காருக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியும் அதற்கான ஒட்டுவில்லையும் வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இது இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. பதிவு செய்து ஒட்டுவில்லை கைக்கு வரச் சில நாள்களாவது ஆகும் என்பதால்தான் ஒரு மாதம் என்கிறேன். வாடகைக் கார் என்றால், மலேசியாவுக்கு எடுத்துச் செல்ல நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தை எழுத்தில் பெறுங்கள். காப்புறுதி தீபகற்ப மலேசியாவில் செல்லுமா, நடுவழியில் நின்றால் இழுவை வண்டிச் செலவு அதில் அடங்குமா என்பவை தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் கேளுங்கள்.

3. யார் எந்தக் காரில்: நான்கு பேர், இரண்டு ஓட்டுநர்

ஐந்து இருக்கைக் காரில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து பேரும் அவர்களுடைய பைகளும் ஏறினால் ஈரச் சாலையில் கார் நிற்க எடுக்கும் தூரம் கூடும். பின்கண்ணாடி வழியே எதுவும் தெரியாது. ஒவ்வொரு காரிலும் மலைப்பாதை ஓட்டத் தயாரான இருவர் இருக்க வேண்டும். ஜொகூரிலிருந்து தாப்பா வரை விரைவுச்சாலையில் ஏறத்தாழ 480 கிலோமீட்டர், அதன்பின் தானா ராத்தா வரை வளைவுகளிலேயே 60 கிலோமீட்டர். அந்தக் கடைசி 60 கிலோமீட்டருக்குக் களைக்காத கண்கள் தேவை.

வண்டியில் நான்கைப் பாருங்கள்: டயரின் வரிப்பள்ளம், பிரேக், வைப்பர் ரப்பர், முன்கண்ணாடி நீராவியை நீக்கும் குளிர்காற்று. டயருக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். மலை மழைக்கு அது போதாது, இரட்டிப்பாவது இருக்கட்டும். வரிப்பள்ளம்தான் டயருக்கு அடியில் உள்ள தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அது தேய்ந்தால் டயர் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

4. தங்குமிடம்: ஊருக்குள்

படத்தில் அழகாகத் தெரியும் சரிவு பங்களாக்களை இந்தப் பருவத்தில் தவிர்த்துவிடுங்கள். தானா ராத்தா அல்லது பிரிஞ்சாங் ஊர்நடுவில், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடந்து போகும் தொலைவில் அறை எடுங்கள். பிற்பகல் மழைக்குப் பிறகு மாலையில் காரைத் தொடவே தேவையில்லாதபடி இருக்க வேண்டும் என்பதே காரணம். கட்டணமின்றி ரத்து செய்யும் வசதி உள்ள அறைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் சரி. முதல் படியில் எழுதிய விதிக்கு அப்போதுதான் மதிப்பு இருக்கும்.

வெள்ளிக்கிழமை இரவுக்கு மலையில் அறை எடுக்காதீர்கள். கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ள சிரம்பான் பக்கம் எடுங்கள். ஏன் என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

5. பை

மலையில் இரவு வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கும். ஈரத்தோடு சேர்ந்த குளிர் நமக்குப் பழக்கமில்லாதது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய கால்சட்டை, கம்பளிச் சட்டை ஒன்று, காலுறை நான்கு ஜோடி, மாற்றுக் காலணி. குடையைவிட மழைக்கோட்டு மேல். மலைமுகட்டில் காற்று குடையைப் புரட்டிவிடும், சரிவில் நடக்கும்போது இரண்டு கைகளும் விடுதலையாக இருக்க வேண்டும்.

வாந்தி மாத்திரையை மலையடிவாரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. அது தூக்கம் வரவழைக்கும் என்பதால் ஓட்டுநர் இருவரும் அதைத் தொடக்கூடாது. அவர்களுக்கு இஞ்சி மிட்டாய் போதும்.

காட்டுப் பாதையில் நடக்க எண்ணினால் அட்டைக்கு உப்பு ஒரு பொட்டலம். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். மெலிந்த பக்கமே வாய். அதன் ஓரத்தில் நகத்தைக் கிடையாகச் செருகித் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது உடலுக்குள் விடுவதால் காயம் சிறிதாக இருந்தாலும் நெடுநேரம் கசியும். பஞ்சு வைத்துக் கட்டினால் போதும், பதற வேண்டாம்.

6. வெள்ளிக்கிழமை: எல்லையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள்

வேலை முடிந்து இரவு பத்து மணிக்குக் கிளம்பி, விடிய விடிய ஓட்டி, நேராக மலை ஏறுவது என்ற திட்டத்தை நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன். தூக்கமில்லாத ஓட்டுநர் விடியற்காலைப் பனிமூட்டத்தில் வளைவுகளைச் சந்திப்பதில்தான் அது முடியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அரை நாள் விடுப்பு எடுத்து, மதியம் ஒரு மணியளவில் துவாஸ் இரண்டாம் பாலத்தைக் கடந்தால், மாலைக்குள் சிரம்பானை அடையலாம். அதற்கு அப்பால் போனால் கோலாலம்பூரின் வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் மாட்டுவீர்கள். அங்கேயே சாப்பிட்டு, ஒன்பதரைக்குத் தூங்கிவிடுங்கள்.

சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சிங்கப்பூர்க் காரின் தொட்டியில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. மலேசியாவில் மானிய விலை ரோன் 95 வெளிநாட்டுக் கார்களுக்கு இல்லை, ரோன் 97 தான் போட வேண்டும். சாலைக் கட்டணம் செலுத்தப் பயன்படும் டச் என் கோ அட்டை காருக்கு ஒன்று வேண்டும். நுழையும்போது 20 ரிங்கிட் சாலைக் கட்டணமும், பிறகு சுங்கக் கட்டணங்களும் அதிலிருந்து கழியும். காசில்லாத அட்டையோடு சுங்கச் சாவடித் தடத்தில் நின்று பின்னால் வருவோரை நிறுத்தி வைக்காதபடி முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள்.

விரைவுச்சாலையில் கனமழை பிடித்தால் நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுவது பலருக்குப் பழக்கம். அது தவறு. தடம் மாறப் போகிறீர்களா, நின்றுவிட்டீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. முகப்பு விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, முன்கார் கடந்த இடத்தை நீங்கள் கடக்க நான்கு விநாடியாவது ஆகும்படி இடைவெளி விடுங்கள்.

7. சனிக்கிழமை: எந்தப் பாதையில் ஏறுவது

சிரம்பானிலிருந்து ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் கோலாலம்பூரை நெரிசலுக்கு முன் கடந்து, எட்டேகால் மணியளவில் தாப்பாவில் இருப்பீர்கள். அங்கே மூன்று காரியங்கள்: தொட்டியை நிரப்புங்கள், இட்லியோ ரொட்டி சானாயோ அளவாகச் சாப்பிடுங்கள், வானிலை எச்சரிக்கையை மறுபடி பாருங்கள். மலைப்பாதை மூடப்பட்டால் மணிக்கணக்கில் நிற்கவோ வேறு பாதைக்குச் சுற்றிச் செல்லவோ நேரும் என்பதால் தொட்டி நிறைந்திருக்க வேண்டும்.

மலைக்கு வழக்கமான பாதைகள் இரண்டு. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியே தானா ராத்தா செல்வது பழைய பாதை. குறுகலானது, வளைவு மிகுந்தது, தெற்கிலிருந்து வருவோருக்குக் கிட்டமானது. ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியே ஏறுவது புதியது. அகலமானது, வளைவு குறைவு, ஆனால் சுற்று. மலைப்பாதை ஓட்டிப் பழகாதவர் சிம்பாங் பூலாயைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கைப்பேசி வரைபடம் சில வேளை பகாங் பக்கமாக, சுங்கை கோயானிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் மூன்றாவது பாதையைக் காட்டும். ஆளரவமற்ற நீண்ட சாலை அது. மழைக்காலத்தில் வேண்டாம். வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்; மலைவளைவுகளில் தொடர்பு அறுந்துபோகும்.

தாப்பா பாதையில் லாத்தா இஸ்கண்டார் அருவி சாலையோரத்திலேயே விழும். பார்க்கலாம், படம் எடுக்கலாம், இறங்கிக் குளிக்கக் கூடாது. அருவியடியில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை ஒரேயடியாகச் சுவர்போல இறங்கிவரும். மலாயில் அதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தண்ணீர் கலங்குவதும் இலைச் சருகுகள் மிதந்து வருவதும் அதன் முன்னறிகுறிகள். ஆனால் அவற்றைக் கண்டபின் கரையேறச் சில விநாடிகளே இருக்கும்.

8. ஏறும் வழியில் மழை பிடித்துக்கொண்டால்

இந்த ஒரு படியை மட்டும் ஓட்டுநர் இருவரும் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாலையின் மலைப்பக்க ஓரத்தில் ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீர் ஓடினால் அது மழைநீர் மட்டும். செம்மண் நிறமாக மாறினால் மேலே மண் இளகத் தொடங்கிவிட்டது. அதோடு சின்னச் சின்னக் கற்கள் தார்ச்சாலையில் சிதறிக் கிடந்தாலோ, மரமோ விளக்குக் கம்பமோ சாலைப்பக்கம் சாய்ந்திருந்தாலோ மேற்கொண்டு ஏறாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ரிங்லெட்டுக்குக் கீழே இப்படி ஒரு மழையில் ஒதுங்கியபோது, கடைவாசலில் நின்ற பெரியவர் ஒருவர் எங்கள் காரின் எண் பலகையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "தம்பி, சிங்கப்பூரா? தண்ணி செவப்பா வருது பாருங்க. இப்ப ஏறாதீங்க. உக்காந்து ஒரு டீ குடிங்க, அது தெளியும், அப்பறம் போலாம்" என்றார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். பிறகு ஏறியபோது, மூன்றாவது வளைவில் கூடைகூடையாகக் கொட்டியதுபோல் மண் பாதிச் சாலையை மூடிக் கிடந்தது, அதன் மேல் வேரோடு ஒரு வாழை நின்றிருந்தது.

ஒதுங்கும் இடமும் முக்கியம். வெட்டப்பட்ட மண்சுவருக்கு அடியிலும், பள்ளத்துப் பக்க ஓரத்திலும், ஓடைப் பாலத்தின் மேலும் நிறுத்தக் கூடாது. கடையோ கோயிலோ உள்ள அகன்ற சமதளம் வரை மெதுவாகச் செல்லுங்கள். சில மலாய்ச் சொற்களைக் காரில் உள்ள எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும்: 'தானா ருந்தோ' என்றால் நிலச்சரிவு, 'ஜாலான் டிதுத்துப்' என்றால் சாலை மூடல், 'லென்சோங்ஙான்' என்றால் மாற்றுவழி, 'லிச்சின்' என்றால் வழுக்கல். அவசர உதவிக்கு 999.

9. மலையில்: காலை வெளியே, பிற்பகல் உள்ளே

சனிக்கிழமை 11 மணிக்கு வந்ததும் அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். பையைக் கொடுத்துவிட்டு நேராக சுங்கை பாலாஸில் உள்ள 'போ' (BOH) நிறுவனத்தின் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லுங்கள். மழைக்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரம் அதற்குத்தான். திங்கட்கிழமை அது மூடியிருக்கும் என்பதை நீண்ட வார இறுதியில் வருவோர் நினைவில் கொள்ளட்டும். கியா பார்ம் சந்தைப் பகுதியில் விடுமுறைச் சனிக்கிழமைகளில் கார்கள் நகராது. சந்தையைத் திரும்பும் வழியில் ஒரு வண்டியிலிருந்து ஒருவர் மட்டும் இறங்கி முடித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது.

2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் மலையுச்சிக்கும் பாசிக் காட்டுக்கும் சொந்தக் காரில் ஏற வேண்டாம். சாலை மிகக் குறுகல், எதிரே வண்டி வந்தால் ஈரச் சரிவில் பின்னோக்கி இறங்க வேண்டியிருக்கும். உள்ளூர் ஜீப் ஓட்டுநரை முதல்நாளே பேசி வையுங்கள். அவர் "இன்னைக்கு வேணாம்" என்றால் வாதாடாதீர்கள்.

கூடுதலாக ஒரு நாள் தங்கி, எண்ணிட்ட காட்டு நடைபாதைகளில் செல்வதானால் காலையில் தொடங்கி, எங்கே இருந்தாலும் நண்பகலில் திரும்புங்கள். எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்பதை விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 1967 மார்ச் 26 அன்று இங்கே தனியாக நடக்கச் சென்ற தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சனைப் பெருந்திரளானோர் தேடியும் சுவடு கிடைக்கவில்லை. அவ்வளவு அடர்ந்த காடு அது.

10. இறக்கம்: பிரேக்கில் காலை வைத்தே இறங்காதீர்கள்

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து என்பதை நம்மவர்கள் நம்ப மறுக்கிறார்கள். நமக்குத் தெரிந்த பெரிய மேடு 164 மீட்டர் புக்கிட் தீமா. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும், கருகிய வாடை வரும், மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். தானியங்கிக் காராக இருந்தாலும் 'எல்' அல்லது '2' என்ற கியரில் போட்டு, எஞ்சினே காரை இழுத்துப் பிடிக்கும்படி விடுங்கள். சில ஹைபிரிட் கார்களில் இதற்கு 'பி' (B) என்ற நிலை இருக்கிறது. வளைவுக்கு முன்பே பிரேக்கை அழுத்தமாகப் போட்டு விட்டுவிடுங்கள். வளைவுக்குள் போட்டால் ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கும்.

கருகிய வாடை வந்தால் சமதளத்தில் நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் உள்ள தட்டு வளைந்துவிடக்கூடும்.

11. ஞாயிற்றுக்கிழமை எல்லை

எட்டு மணிக்கு இறங்கத் தொடங்கி ஒன்பதரைக்குத் தாப்பாவை விட்டால், ஓய்வுநேரத்தையும் சேர்த்து மூன்றரை மணியளவில் ஜொகூர் எல்லையை அடையலாம். மாலை வரிசை நீளும் முன் கடக்க இதுவே வழி. உட்லண்ட்சிலும் துவாசிலும் சிங்கப்பூர்ப் பக்கக் குடிநுழைவில் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீடு காட்டும் வசதி 2024 மார்ச்சில் வந்துவிட்டது. காரில் உள்ள எல்லாருக்குமான ஒரே குறியீட்டை வரிசையில் சேருமுன் உருவாக்கி, திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பொருள்களுக்கான வரிவிலக்கு, 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் தலைக்கு 100 வெள்ளி, 48 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 500 வெள்ளி. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் கடந்தவர்கள் ஞாயிறு ஒரு மணிக்குப் பின் திரும்பினால் இரண்டாவது கணக்கில் வருவார்கள். இந்தச் சலுகை வேலை அனுமதி அட்டை வைத்திருப்போருக்குக் கிடையாது. சிகரெட்டுக்கு யாருக்கும் விலக்கு இல்லை. மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுவுக்கும் இல்லை.

வீடு சேர்ந்ததும் அன்றிரவே காரின் தரைவிரிப்புகளை எடுத்து வெளியே போடுங்கள். மலை ஈரம் ஒரே நாளில் பூஞ்சை வாடையாகிவிடும். அந்த வாரத்திலேயே பிரேக் அட்டைகளைப் பட்டறையில் காட்டிவிடுங்கள்.